மூன்றாவது லைன்

ஊத்தான் மெலிந்தாங் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ரொட்டிக் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில்
ஏசி போட்ட தொலைபேசிக் கடை.
என் சீட்டு எழுபத்தாறு.
எழுபத்தைந்து ஒரு வங்காளதேசத்துப் பையன்,
குலை வெட்டிக் காய்த்த கையால்
உடைந்த திரைக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

சுவரில் வரைபடம். எங்கள் தோட்டம் முழுக்கப் பச்சை.
பச்சை என்றால் சிக்னல் இருக்கிறதாம்.
எனக்குத் தெரிந்த பச்சை செம்பனைதான்.
தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி
வடக்குப் பார்த்து நின்றால் இரண்டு கோடு வரும்,
மழை என்றால் அதுவும் ஒன்று.

குடும்பத் திட்டம். மூன்று லைன். இருபத்து நான்கு மாதம்.
என் பெயர், என் ஐசி, என் கையெழுத்து.
ஒன்று எனக்கு. ஒன்று ஈப்போவில் படிக்கும் மகளுக்கு.
மூன்றாவது குணாளனுக்கு.
ஏழு மாதத்துக்கு முன்
ஜொகூரில் வேலை என்று போனவன்
எடுத்துப் போனதில் போனும் ஒன்று.
பில் என்னிடம் தங்கிவிட்டது.

ஷாஹிரா என்றது பெயர்ப்பட்டை.
கணினியைப் பார்த்தே சொன்னாள்:
"இன்னும் பதினோரு மாதம் பாக்கி, காக்.
இப்போதே வெட்டினால் மாதத்துக்கு முப்பது வெள்ளி,
முந்நூற்று முப்பது.
பொறுத்திருந்தால் ஒன்றும் கட்ட வேண்டாம்."

நான் ஆலையில் எடைமேடைக் கிராணி.
லாரி குலையோடு ஏறும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு வரும்போது ஓர் எடை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
பொறுத்திருந்தால் மாதம் நாற்பத்தெட்டு.
எப்போது வெட்டியிருந்தாலும்
மாதத்துக்குப் பதினெட்டு மிச்சம்.
ஏழு மாதமாகத் தெரிந்த கணக்கு.

தெரிந்தும் விட்டுவைத்தேன்.
ஒவ்வோர் ஐந்தாம் தேதியும் பில் வரும்.
டேட்டா பதினான்கு ஜிபி. ஆள் இருக்கிறான்.
தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு
ஒரே எண்ணுக்கு நாற்பத்தொரு நிமிடம்.
பிப்ரவரியில் இரண்டு ஜிபிதான்,
காய்ச்சலோ என்று எடைச் சீட்டில்
லாரி எண்ணை மாற்றி எழுதிவிட்டேன்.

போன பில்லில் புதிதாக ஒரு வரி:
விளையாட்டு, நான்கு வெள்ளி தொண்ணூறு காசு.
பெயரைத் தேடிப் பார்த்தேன்.
சின்னப் பிள்ளைகள் யானைக்கு வண்ணம் அடிப்பது.

"காரணம்?" என்றாள். திரையில் நாலு கட்டம்:
இடம் மாற்றம். விலை அதிகம். சேவை சரியில்லை. மற்றவை.
சேவை சரியில்லை என்றேன்.
சுவர்ப் பச்சையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்,
அழுத்தினாள்.

அப்புறம்தான் சொன்னாள்:
ஆறு இலக்கம் ஒன்று வரும்,
வெட்டப் போகும் எண்ணுக்கே வரும்,
அதைச் சொன்னால்தான் வெட்ட முடியும்.

அழைத்தேன். நாலாவது மணியில் எடுத்தான்.
பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்தது.
"ஒரு மெசேஜ் வந்திருக்கும். நம்பரப் படி."
ஏன் என்று கேட்கவில்லை.
ஐந்து. பூஜ்யம். பூஜ்யம். எட்டு. ஒன்று.
கடைசி எண்ணுக்கு நின்றான்.
கண்ணாடி எங்கேயோ வச்சிட்டேன், இரு, என்றான்.
இருந்தேன்.
ஏழு.
நான் சொல்லச் சொல்ல ஷாஹிரா தட்டிக்கொண்டே வந்தாள்.
"கொடி," என்றான், "பாப்பா எப்படி

விரல் அவளுடையது.
கையெழுத்து என்னுடையது.

போனஸ் உறையிலிருந்து முந்நூற்று முப்பதை எண்ணி வைத்தேன்.
ரசீது சூடாக வந்தது.
ஆறு மாதத்தில் எழுத்து போய்விடும்,
படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.
எடுக்கவில்லை.

மூன்றேகால் பஸ்.
தோட்டத்து முனை திரும்பியதும்
நாலு, மூன்று, ஒன்று என்று
கோடுகள் இறங்கின.